நின்றவர்களின் ஓட்டு

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பின்னால் இருப்பவர்கள் முன்னால் வாருங்கள், இடம் இருக்கிறது. இன்றைக்கு நான் சொல்லப்போகும் கதையில் ராஜாவும் இல்லை, பேயும் இல்லை. ஆனாலும் உங்கள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், அதற்கு நான் பொறுப்பு. ஓடுகிற ரயிலுக்குள், ஒரு வீட்டில் தொட்டில் ஆட வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்பான கதை இது.

மாரிகுப்பத்திலிருந்து விடிவதற்கு முன்னால் பெங்களூருக்கு ஒரு வண்டி கிளம்புகிறது. தங்கச் சுரங்கம் மூடின பிறகு நம் ஜனத்தில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது அந்த வண்டிதான். அதில் கடைசிக்கு முந்தின பெட்டி ஒரு தனி ஊர் மாதிரி. அங்கே தனிச் சட்டம், தனி வழக்கம், தனிச் சண்டை.

முதல் சட்டம் துண்டு. மாரிகுப்பத்தில் ஏறுகிறவர்கள், அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் ஏறப்போகிற கூட்டாளிகளுக்காகச் சீட்டில் துண்டு போட்டு வைப்பார்கள். துண்டு கிடந்தால் அது ஆள் இருக்கிற சீட்டு. அந்த ஆள் அப்போது வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தாலும் சரிதான்.

இரண்டாவது வழக்கம் பட்டிமன்றம். ஆயுத பூஜை லீவுக்கு முந்தின வேலை நாளில் பெட்டிக்கு வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் போட்டு, கதவுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். வண்டி பங்காரப்பேட்டை தாண்டியதும் பேச்சு ஆரம்பம். வைட்ஃபீல்டு வருவதற்குள் தீர்ப்பு. நடுவர் எப்போதும் பக்தவச்சலம் சார்தான். கனரக வண்டிகள் செய்கிற தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனிக்கு வரைபடம் சரிபார்க்கப் போய்வருகிறார். எதற்கும் ஒரு விதி இருந்தால்தான் அவருக்குக் காப்பி இறங்கும்.

அந்த வருஷம் பட்டிமன்றத்துக்குத் தலைப்பு எப்படி வந்தது தெரியுமா? பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால், செக்யூரிட்டி வேலைக்குப் போகிற முனிரத்தினம் பெட்டி முழுக்க மைசூர்பாகு கொடுத்துக்கொண்டு வந்தார். பேரன் பிறந்த சந்தோஷம். மம்தா கையிலும் ஒன்று வைத்தார்.

மம்தா மாரிகுப்பத்துப் பெண். பெங்களூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு அதைவிட ஜாஸ்தி. மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"வாழ்த்துக்கள்ண்ணா. பாவம், அந்தக் குழந்தையை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இன்னாத்த கேக்கணும்?"

"பொறக்கறியான்னு."

முனிரத்தினம் மைசூர்பாகு டப்பாவைப் படாரென்று மூடினார். "இன்னாமா பேசற நீ? பொறக்காததை எப்படிம்மா கேக்கறது?"

"அதாண்ணா நானும் சொல்றேன். கேக்க முடியலன்னா, கேக்காமயே இழுத்துக்கினு வந்துடலாமா? எங்க லேப்ல ஒரு சின்னப் புள்ளைக்கு ஊசி குத்தறதா இருந்தாக்கூட, 'கண்ணு, லேசா வலிக்கும்'னு சொல்லிட்டுத்தான் குத்தறோம். ஒரு முழு வாழ்க்கையைக் குத்தறப்ப மட்டும் சொல்லவேண்டாமா?"

அவ்வளவுதான். பெட்டி இரண்டாகப் பிளந்தது. வண்டி வைட்ஃபீல்டு நெருங்கும்வரை கத்தல். பக்தவச்சலம் சார் எழுந்து நின்று கையைத் தட்டினார். "நிறுத்துங்கள்! சக்தியை வீணாக்க வேண்டாம். பிள்ளை பெறுவது சரியா, தப்பா? இதுதான் இந்த வருஷத் தலைப்பு."

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். ஒரே ஒருவன் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மம்தாவையே பார்த்தான். அவன் சரத், மம்தாவின் புருஷன். ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில் வளர்ந்த பையன். பெங்களூரில் லிஃப்ட் மெக்கானிக்.

அந்தத் தலைப்பு அவர்கள் வீட்டில் மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்த தலைப்பு, கண்ணுகளா. கல்யாணத்துக்கு முன்னாலேயே மம்தா தெளிவாகச் சொல்லிவிட்டாள், குழந்தை வேண்டாம் என்று. சரத் தலையாட்டினான். கல்யாணம் ஆனால் மாறிவிடுவாள் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. அவள் மாறவில்லை. அவனுக்கோ வருஷம் போகப்போக ஆசை பெரிதாகிக்கொண்டே போனது. நடுவில் அவன் அம்மா சரோஜம்மா வேறு. மாசம் தவறாமல், "இன்னாடி, ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்று கேட்பாள். மம்தா சிரித்துக்கொண்டே போய்விடுவாள். பிறகு அறைக்குள் புருஷனும் பெண்டாட்டியும் குசுகுசுவென்று சண்டை.

தலைப்பு அறிவித்த அன்று வீட்டில் தோசை வார்த்துக்கொண்டே மம்தா சொன்னாள்: "நாம பேசிப் பேசி நாக்கு தேஞ்சிபோச்சி. பெட்டி இன்னா சொல்லுதோ, அதுதான் நம்ம வீட்டு முடிவு. ஒத்துக்கறீங்களா?"

சரத் துள்ளினான். பெட்டியில் இருப்பவர்கள் பாதிக்கு மேல் பிள்ளை பெற்றவர்கள். தான் 'சரி' என்ற பக்கம் பேசினால் ஜெயம் கையில் வைத்த மாதிரி. மம்தாவுக்கோ தன் நாக்கின் மேல் நம்பிக்கை. இரண்டு பேரும் கை அடித்துக்கொண்டார்கள்.

இது தெரிந்த ஒரே ஆள் தெரசா, ஆஸ்பத்திரி நர்ஸ், மம்தாவின் சிநேகிதி. கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "பைத்தியமா உங்களுக்கு? தொட்டில் விஷயத்தைக் கொண்டுபோய் ரயில்ல வெக்கறீங்களே!"

"நாம சுரங்கத்துல ஷிப்டு போட்டா ஏன்னு கேக்காம இறங்கின ஜனம்க்கா," என்றான் சரத். "எத்தனாவது லெவல் ஆழம்னு மேலே இருந்து சொல்லுவாங்க, எங்க தாத்தா கேஜுக் கூண்டுல ஏறிடுவாரு. அந்த மாதிரி யாராச்சும் சொல்லிட்டா நிம்மதியாப் போவும்."

சுரங்கத்து ஆளுக்குத்தான் இப்படி ஒரு கிறுக்கு யோசனை வரும், இல்லையா?

அந்த நாளும் வந்தது. பெட்டி முழுக்கச் சாமந்தி வாசனை, ஊதுபத்திப் புகை, பொரி. கூட்டமோ கூட்டம். பேச்சுக் கேட்பதற்கென்றே பக்கத்துப் பெட்டிக்காரர்களும் வந்து நெருக்கினார்கள். நான் தப்பித்தவறி ஒரு சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பங்காரப்பேட்டை தாண்டியது. பேச்சாளர்கள் சரத்தும் மம்தாவும் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பெட்டியிலேயே வாய் வலுத்தவர்கள் அவர்கள்தான்.

பக்தவச்சலம் சார் தொண்டையைக் கனைத்தார். "ஒரு புது விதி. சொந்தக் கட்சியைப் பேசுகிறவன் வாதம் செய்வதில்லை, திட்டுகிறான். போன வருஷம் பார்த்தோம். ஆகவே யார் எந்தப் பக்கம் என்பது குலுக்கலில். இதோ இரண்டு பொரிப் பொட்டலம். ஒன்றில் வெல்லக்கட்டி இருக்கிறது. வெல்லம் வந்தவர் 'பிள்ளை பெறுவது சரி' என்று பேச வேண்டும். மற்றவர் 'தப்பு' என்று."

சரத்தின் முகம் வெளுத்தது. மம்தா பொட்டலத்தைப் பிரித்தாள். பொரிக்கு நடுவில் கறுப்பாக வெல்லக்கட்டி அவளைப் பார்த்துச் சிரித்தது.

பாருங்கள் வேடிக்கையை! குழந்தையே வேண்டாம் என்கிறவள், குழந்தை வேண்டும் என்று பேச வேண்டும். குழந்தைக்கு ஏங்குகிறவன், கூடாது என்று பேச வேண்டும். அவள் ஜெயித்தால் அவளுக்கே குழந்தை. அவன் ஜெயித்தால் அவனுக்குக் குழந்தை கிடையாது. தெரசா மம்தாவின் காதைப் பிடித்து இழுத்தாள்.

"பந்தயத்தை விட்டுடுங்கடி."

"கை அடிச்சாச்சுக்கா. அவரும் விடமாட்டாரு, பாருங்க அந்த மூஞ்சியை."

இரண்டு பேரும் உடனே ஒரே தந்திரத்துக்குப் போனார்கள். எப்படியாவது தோற்றுவிட வேண்டும்!

முதலில் சரத். "பெரியோர்களே. குழந்தை பெத்தா தூக்கம் கெடும். துணி துவைக்கணும். அதனால தப்பு. நன்றி."

பெட்டி வாயைப் பிளந்தது. அடுத்து மம்தா. "குழந்தைங்க அழகா இருக்கும். சிரிக்கும். அதனால சரி. நன்றி."

"இன்னாமா இது, காலண்டர் படத்துக்கா பேசற?" என்று, துண்டு போட்ட ஒரு சீட்டுக்குக் காவலாக நின்றிருந்த முனிரத்தினம் கத்தினார். "நன்றி சொல்லவா ரெண்டு பேரும் எந்திரிச்சீங்க? ஸ்கெலட்டன்காரனுக்குப் பேச்சு வராதுன்னு எங்க நைனா அப்பவே சொல்வாரு. கேஜு இறங்கறப்பவே கண்ணை மூடிக்கிற கூட்டமாம்!"

ஓவென்று சிரிப்பு. சரத்தின் காது சிவந்தது.

"யார்ணா கண்ணை மூடிக்கறது?" என்று திரும்பினான். "உங்க பக்கத்துல கெடக்குதே துண்டு, அது யாருக்கு?"

"என் மச்சானுக்கு. கோரமண்டல்ல ஏறவேண்டியவன், ஏறல. லீவு போட்டுட்டான் போலகீது."

"சீட்டு வீணாப்போச்சேன்னு இப்ப அவரு வீட்டுல அழுதுக்கினு கீறாரா?"

"அவன் ஏன் அழறான்? இழுத்துப் போத்திக்கினு தூங்குவான்."

"அதான்!" சரத் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினான். வண்டி குலுங்கியது, அவன் குலுங்கவில்லை. "ஏறாதவனுக்குச் சீட்டு இல்லன்ற வருத்தம் கெடையாது. கால் வலி, நெரிசல், பர்ஸு போறது எல்லாம் ஏறினவனுக்குத்தான். பொறக்காத குழந்தை எதையும் இழக்கறதில்ல. பொறந்துட்டா வலி நிச்சயம். சுகம், கெடைச்சா உண்டு. அப்படி இருக்கறப்ப, வர்றேன்னு சொல்லாத ஒருத்தருக்கு நாம ஏன் துண்டு போடறோம்? அவருக்காகவா? நமக்காக! வயசான காலத்துல நமக்கு ஒரு ஆள் வேணும். நம்ம பேரு சொல்ல ஒரு ஆள் வேணும். வீட்டுல சத்தம் கேக்கணும். எல்லாம் நமக்கு, நமக்கு, நமக்கு!"

அங்கே ஒரு நொடி நின்றான். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே முதல் தடவை கேட்கிற மாதிரி இருந்தது அவன் முகம். பிறகு குரல் தாழ்ந்தது.

"எங்கப்பாவை எங்க தாத்தா கேக்கல. என்னை எங்கப்பா கேக்கல. சுரங்கம் மூடினப்புறம் எங்கப்பா வாசல்லயே உக்காந்துக்கினு, 'உனக்கு ஒண்ணும் வெக்கலியேடா'ன்னு என்னைப் பாத்துப் பாத்து அழுவாரு. பெத்த பாவத்துக்கு அழறாருன்னு எனக்கு அப்பத் தெரியல. நானும் ஒருத்தனைக் கூட்டியாந்து, அவனைப் பாத்து அழணுமா? எனக்கு ஆசைன்றதுக்காக இன்னொருத்தன் மேல ஒரு முழு வாழ்க்கையை ஏத்தலாமா? நீங்களே சொல்லுங்க."

கைதட்டல் பாருங்கள், மேலே இருந்த பைகள் எல்லாம் ஆடின! 

இப்போது மம்தா செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான். சும்மா உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்தால் மூன்று வருஷமாக அவள் கேட்டது கிடைத்துவிடும். அவன் பேசியதெல்லாம் அவள் பேச நினைத்தது. அவளைவிட நன்றாகவே பேசிவிட்டான். தெரசா அவள் புடவையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "உக்காருடி, உக்காரு!"

அப்போது முனிரத்தினம் விடுவாரா? "அவ்ளோதான். மாரிகுப்பத்துப் பொண்ணுக்குப் புருஷன் எதிர்ல வாய் கட்டிப்போச்சு!"

மம்தா எழுந்துவிட்டாள். தெரசா கையில் முந்தானை ஊக்கு மட்டும் மிஞ்சியது.

"ஏறாதவன் அழலன்னாரே, கரெக்டு. ஆனா துண்டு போட்டது தப்பாயிடுமா? நான் முதல் நாள் இந்த வண்டியில ஏறினப்ப, எங்க நைனா போயி பதினாறாம் நாள்கூட ஆகல. யாரையும் தெரியாது. ஒரு அம்மா துண்டை எடுத்துட்டு 'உக்காரு'ன்னாங்க. நான் கேக்கல. கேக்காம குடுக்கறதெல்லாம் குத்தம்னா, எனக்கு வாழ்க்கையில கெடைச்ச நல்லது அம்புட்டும் குத்தம்தான். பேரு கேக்காம வெச்சாங்க. சோறு கேக்காம ஊட்டினாங்க. பேச்சு கேக்காம சொல்லிக்குடுத்தாங்க. அந்தப் பேச்சை வெச்சிக்கினுதானே இப்ப 'என்னைக் கேக்கலியே'ன்னு இவரு கேக்கறாரு!"

"அப்படிப் போடு!" என்று ஒரு குரல். விசில் பறந்தது.

"தினம் ரத்தம் எடுக்கறவ நான். கை நடுங்கற பெரியவங்க வருவாங்க. நரம்பு கெடைக்காது. ரெண்டு இடத்துல குத்தணும். கண்ணுல தண்ணி விட்டுக்கினே கேப்பாங்க, 'சரியாயிடுமாம்மா?'ன்னு. வலின்னா இன்னான்னு நல்லாத் தெரிஞ்சவங்கதான் இன்னொரு நாள் வேணும்னு கேக்கறாங்க. வேணாம்னு திருப்பிக் குடுக்க யாரும் வரிசையில நிக்கல."

சரத்துக்கும் உடம்பெல்லாம் நெருப்பு. "நடுவர் அவர்களே! ஏறினப்புறம் இறங்கப் பயம், அது வேற. ஏறலாமான்னு கேக்கறது வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பறாங்க!"

"அதைச் சொல்றதுக்கே ஒருத்தர் ஏறியிருக்கணும் இல்லீங்க?"

பெட்டி வெடித்தது. பக்தவச்சலம் சாரே சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணாடியைத் துடைத்தார். மம்தாவுக்கு வியர்வையில் நெற்றிப் பொட்டு கரைந்து ஓடியது. அவள் நிறுத்தவில்லை.

"ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன். துண்டு போட்டுட்டு ஜன்னல்ல வேடிக்கை பாத்துக்கினு போனா அது குத்தம். போட்டவங்க காவல் நிக்கணும். யாராச்சும் பிடுங்க வந்தா சண்டை போடணும். அந்தத் தெம்பு இருக்கறவங்க, ஆசையா, பயந்து பயந்து ஒரு உயிரைக் கூப்பிட்டா, அது தப்பில்ல. அது மாதிரி ஒரு தைரியம் உலகத்துல வேற இல்ல!"

உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. கைதட்டல் ஓயவே இல்லை. அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. புருஷனைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேர் கண்ணிலும் பயம். கூடவே, மறைக்க முடியாத ஒரு சந்தோஷம். மூன்று வருஷக் குசுகுசுச் சண்டையில் ஒருவரை ஒருவர் இப்படிக் கேட்டதே இல்லை.

மாலூர் தாண்டியது. "ஓட்டு!" என்றார் பக்தவச்சலம் சார்.

அந்தப் பெட்டியில் ஓட்டு யாருக்கு என்று கேளுங்கள். நின்றுகொண்டு வருகிறவர்களுக்கு மட்டும்தான். சீட்டுக் கிடைத்தவனுக்கு உலகம் எப்போதும் நன்றாகத்தான் தெரியும், அவன் சொல்வது செல்லாது என்பது சாருடைய விதி. நிற்கிறவர்களால் கை தூக்க முடியாது, கம்பியை விட்டால் விழுந்துவிடுவார்கள். அதனால் முகத்தால் ஓட்டு. 'சரி' என்கிறவர்கள் வலது ஜன்னல் பக்கம் முகம் திருப்ப வேண்டும், 'தப்பு' என்கிறவர்கள் இடது பக்கம். ஒரு தடவை திரும்பிய முகம் திரும்பியதுதான், மாற்றக் கூடாது.

"ஒன்று, இரண்டு, மூன்று!"

முகங்கள் திரும்பின. சார் பெஞ்சு மேல் ஏறி எண்ணினார். மறுபடி எண்ணினார். உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்றாம் தடவையும் எண்ணினார்.

"சமம்," என்றார்.

"ஆ!" என்று பெட்டி முழுக்க ஒரு பெருமூச்சு.

அப்போது கதவுப் பக்கம், வாழைக்கன்றுக்குப் பின்னாலிருந்து, ஒரு குரல் வந்தது. "இன்னா சமம்? என்னை எண்ணினியா சாரே? நான் ஒருத்தி இங்க நசுங்கிக்கினு கீறேன்!"

சரோஜம்மா! வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மென்ட் வீட்டில் சமையல் வேலை அவளுக்கு. முட்டி வலித்தாலும் உட்கார மாட்டாள். நின்றால்தான் நாலு பேரிடம் பேசலாம் என்பாள். ஆளும் குள்ளம், முன்னால் இரண்டு தடியன்கள், வாழை இலை வேறு. யாருக்கும் தெரியவில்லை.

வழி விட்டார்கள். பெட்டி முழுவதும் சிரித்தது. ஏனென்றால் பேரப்பிள்ளைக்கு அவள் ஏங்குவது பெட்டிக்கே தெரியும். அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. முனிரத்தினம், "முடிஞ்சுது, மருமவ ஜெயிச்சா!" என்று அப்போதே கைதட்டத் தொடங்கினார். சரத்தின் முகம் விளக்கேற்றிய மாதிரி ஆனது. அவன் தோற்கப் போகிறான், அவனுக்குக் குழந்தை! மம்தா தெரசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சரோஜம்மா முக்காட்டைச் சரிசெய்தாள். மருமகளைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். பிறகு டக்கென்று இடது பக்கம் திரும்பி ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள்.

இடது. 'தப்பு' என்ற பக்கம்!

ஒரு நொடி ஒருவருக்கும் புரியவில்லை. பிறகு எழுந்த சத்தத்தில் என் காது அடைத்துக்கொண்டது. "சரோஜம்மாக்கா! தப்பான பக்கம் திரும்பிட்ட!" "யக்கா, இந்தப் பக்கம்!"

"எனக்கு எல்லாம் தெரியும்," என்றாள் சரோஜம்மா. "என் புள்ள இவ்ளோ அழகாப் பேசறான். அவனைத் தோக்க விட்டுட்டு நான் அந்தப் பக்கம் திரும்புவேனா? நல்லாயிருக்குது கதை!"

"தீர்ப்பு!" என்று சார் கத்தினார். "ஒரு ஓட்டு வித்தியாசத்தில், பிள்ளை பெறுவது தப்பு என்ற கட்சி வென்றது! சரத்துக்கு மாலை!"

சாமந்தி மாலையைத் தூக்கிக் கழுத்தில் போட்டார்கள். சரத் மாலையோடு அப்படியே கீழே குந்திவிட்டான்.

"இன்னாடா, ஜெயிச்சுட்டு எழவு வீட்டு மூஞ்சி வெச்சினு கீற?" என்றாள் சரோஜம்மா.

தெரசாதான் பொறுக்க மாட்டாமல் உடைத்தாள். "உங்க ஓட்டுல உங்க பேரன் போயிட்டான்மா. பெட்டி தீர்ப்புப்படி நடக்கறோம்னு இதுங்க ரெண்டும் வீட்டுல பந்தயம் கட்டிக்கினுதான் வந்துதுங்க!"

ஐயோ, அந்தக் கலவரத்தை எப்படிச் சொல்வேன்! கைதட்டியவர்கள் எல்லாம் எகிறினார்கள். "நிஜக் குழந்தைக்கா நாங்க ஓட்டுப் போட்டோம்? முன்னாடியே சொல்லவேண்டாமா?" என்று முனிரத்தினம் சட்டையை உதறினார். அவர் 'சரி' என்று முகம் திருப்பிய ஆள். "நாளைக்கு அது வளந்து, 'என்னை யாரு வரச்சொன்னது'ன்னு இந்தப் பெட்டிக்கு வந்து கேட்டா நானா பதில் சொல்றது? என் ஓட்டு வாபஸ்!" வலது பக்கம் திரும்பியவர்கள் வாபஸ் என்றார்கள், இடது பக்கம் திரும்பியவர்களும் வாபஸ் என்றார்கள். தலைப்பாக இருந்தவரை எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒரு குழந்தை என்றதும் எல்லாரும் பின்வாங்கினார்கள். பக்தவச்சலம் சார், முதல் முறையாக, விதியை விட்டுக்கொடுத்தார். "மறு ஓட்டு வேண்டுமானால் எடுக்கலாம், அம்மா."

மம்தா எழுந்து மாமியார் முன்னால் வந்தாள். அவளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனாலும் சொன்னாள்: "அத்தை, உங்களுக்குத் தெரியாம நடந்துபோச்சு. இது செல்லாது. நீங்க மறுபடி போடுங்க."

சரோஜம்மா மருமகளின் கலைந்த பொட்டைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டாள். யோசித்தாள்.

"அவனைப் பெத்ததுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்படல," என்றாள் கடைசியில். "ஆனா பதினேழு வயசுல என்னை யாரும் கேக்கலடி, பெத்துக்கறியான்னு. பெத்துக்காட்டி ஊரு இன்னா பேசும்னு மட்டும் சொன்னாங்க. அதே கேள்வியை நானும் உன்னை மாசாமாசம் கேட்டுக்கினு கீறேன். அவன் பேசறப்ப அது உறைச்சுது. மறு ஓட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். இன்னொருத்தி வயித்துக்கு நான் எதுக்கு முகம் திருப்பணும்?"

"அம்மா," என்றான் சரத். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தான். "தோக்கணும்னுதான் எந்திரிச்சேன். பாதியில நான் பேசறது நெஜம்னு தெரிஞ்சிபோச்சு. எனக்கு ஆசை போகாதும்மா. வருத்தம் இருக்கும். அது என் வருத்தம். அதைத் தீக்கறதுக்கு ஒரு குழந்தையைக் கூப்பிட மாட்டேன்." பிறகு மம்தாவைப் பார்த்தான். "கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்ன. நாந்தான் கேக்காத மாதிரி தலையாட்டினேன். இப்பக் கேட்டுட்டேன்."

மம்தா அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாக. "நான் பேசினதுலயும் பொய் இல்லீங்க," என்றாள். "பெத்துக்கறவங்களை இனிமே கேலி பண்ண மாட்டேன். முனிரத்தினம் அண்ணே, உங்க பேரனுக்கு நான்தான் கொலுசு எடுப்பேன்."

"எடும்மா, எடு! ஆனா அவன்கிட்ட கேள்வி கேக்காத!"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் யாரோ அலறினார்கள். "வைட்ஃபீல்டு போச்சு!"

ஆமாம், வண்டி நின்றதும் கிளம்பியதும் ஒருவருக்கும் தெரியவில்லை. பாதிப் பெட்டி இறங்க வேண்டிய இடம் அது. சரோஜம்மாவும் சரத்தும் முனிரத்தினமும் எல்லாரும் கன்டோன்மென்ட் வரை போய், போனில் ஆளாளுக்கு ஒரு பொய் சொல்லிக்கொண்டு, கூட்டமாகத் திரும்பினார்கள். சாருக்கு மட்டும் தாமதமாவது தாங்கவில்லை. அடுத்த வருஷம் மாலூரிலேயே தீர்ப்பு என்று அங்கேயே விதி போட்டார்.

அந்த வீட்டில் தொட்டில் ஆடவில்லை, கண்ணுகளா. குசுகுசுச் சண்டையும் இல்லை. சரத்துக்குச் சில நாள் அந்த வருத்தம் எட்டிப் பார்க்கும். மம்தா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். தெருவில் யாராவது, "மருமவளுக்கு ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்டால் சரோஜம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "விசேஷந்தான். சந்தோஷமா கீறாங்க. போதுமா?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள்.

கதை அவ்வளவுதான். எழுந்திருக்கும் முன் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் முகம் கோணாமல் பதில் சொல்கிற பொறுமை உங்களுக்கு வாய்க்கட்டும். பிள்ளைகள் இல்லாத வீடாக இருந்தால், அங்கே சிரிப்புக்கும் பேச்சுக்கும் ஒரு நாளும் குறைவு வராதிருக்கட்டும். வருகிறவர்கள் ஆசையோடு வரவேற்கப்படட்டும். யாரும் வராவிட்டாலும் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் போதுமானவர்களாக இருக்கட்டும். உங்கள் அடுப்பு எரிய, உங்கள் விளக்கு அணையாமல் நிற்க, உங்கள் வீடு நிறைய, நன்றாக இருங்கள் கண்ணுகளா.